கைவேலையும் காணிக்கையும்

(நம் பங்கின் பொன்விழாவை ஒட்டி நடைபெற்ற மாதர் கூட்டத்தில், தையல் குழுவினர் சார்பாக ஆற்றப்பட்ட உரை)

 



எங்கள் குழுவுக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. சனிக்கிழமை மாலையில் ஞானோபதேச வகுப்பு கலைந்த பிறகு, அதே அறையில் பாய் விரித்து, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பேசுகிற பேச்சுதான் எங்களுக்குத் தெரியும். விழாக் குழுவினர் விடவில்லை. "நீங்கள் செய்யும் வாழ்த்து அட்டைகளையும் தைத்துக் கொடுக்கும் பரிசுகளையும் பற்றிக் கால்மணி நேரம் பேசத்தான் வேண்டும்" என்றார்கள். ஆகவே ஒருவர் எழுத, மற்றவர்கள் அடித்துத் திருத்த, எல்லோருமாகச் சேர்ந்து தயாரித்த உரை இது. குற்றம் குறை இருந்தால் வாசிக்கிறவர் தலையில் மட்டும் சுமத்தாதீர்கள்.

எங்களுக்கு ஆதரவாக வேதாகமத்திலிருந்து இரண்டு பெண்களை முதலில் அழைத்துக்கொள்கிறோம். ஒருவர் அன்னாள். நெடுநாள் பிள்ளையில்லாமல் அழுது வேண்டிப் பெற்ற மகன் சாமுவேலை ஆண்டவருடைய ஆலயத்திலேயே விட்டுவிட்டு வந்த தாய். ஆண்டுதோறும் பலி செலுத்தப் போகும்போது மகனுக்கு ஒரு சிறிய மேலங்கி தைத்துக்கொண்டு போனாள் என்று சாமுவேல் முதல் நூல் 2-ம் அதிகாரம் சொல்கிறது. இந்த வசனத்தை வாசித்த அன்று எங்கள் அறையில் ஒரு விவாதமே நடந்தது. வருடத்துக்கு ஒருமுறை மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு அளவு எப்படித் தெரிந்தது? எங்களுள் மூத்த தையற்காரம்மா உடனே தீர்ப்புச் சொன்னார்: "கீழ்மடிப்பை நாலு விரல் அகலம் விட்டிருப்பாள். போய்ப் பார்த்து அங்கேயே உட்கார்ந்து பிரித்து விட்டிருப்பாள்." வேத வியாக்கியானம் எழுதிய சாஸ்திரிகள் யாராவது இதை எழுதியிருக்கிறார்களோ என்னவோ, நாங்கள் ஒப்புக்கொண்டுவிட்டோம்.

இன்னொருவர் யோப்பா பட்டணத்துத் தபித்தா. அப்போஸ்தலர் பணி நூல் 9-ம் அதிகாரத்தில் வருகிறார். அவர் நோயுற்று இறந்துபோனபோது அர்ச். இராயப்பரை ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். அவரைச் சுற்றி நின்ற விதவைகள், தபித்தா தங்களோடு இருந்த நாளில் செய்து தந்த உள்ளாடைகளையும் மேலாடைகளையும் காட்டிக் காட்டி அழுதார்கள். அவர் என்ன பேசினார், என்ன போதித்தார் என்று ஒரு வார்த்தைகூட அங்கே இல்லை. துணிதான் சாட்சி. இராயப்பர் முழந்தாளிட்டு வேண்டினார். அவர் உயிர்பெற்று எழுந்தார்.

வாழ்த்து அட்டை இவ்வளவு பழையதல்ல. இங்கிலாந்தில் 1840-ம் ஆண்டு ஒரு பென்னிக்குத் தபால் போகும் ஏற்பாடு வந்தது. அதற்குப் பிறகு, 1843-ல், ஹென்றி கோல் என்பவர் கிறிஸ்துமஸுக்கு நண்பர்கள் எல்லோருக்கும் கடிதம் எழுத நேரமில்லாமல், ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரையச் செய்தார். சுமார் 1,000 பிரதிகள் அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டி, ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்றார்கள். ஒரு ஷில்லிங் என்பது 12 பென்னி. அட்டையின் விலை தபால் செலவைப்போல் பன்னிரண்டு மடங்கு! ஏழைகள் எங்கே வாங்குவது? நடுப்படத்தில் ஒரு குடும்பம் மது அருந்துகிறது; சின்னப் பிள்ளைக்கும் கொடுக்கிறார்கள். அதைப் பார்த்து மதுவிலக்குக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள் என்பது எல்லோரும் சொல்கிற கதை. ஆனால் அந்த நடுப்படத்துக்கு இருபுறமும் இன்னும் இரண்டு சிறு படங்கள் உண்டு. ஒன்றில் பசித்தவர்களுக்கு உணவு கொடுக்கிறார்கள். மற்றொன்றில் ஆடையற்றவர்களுக்கு உடுத்துகிறார்கள். அட்டையும் துணியும் முதல் நாளே ஒரே தாளில் இருந்தன என்பதைக் கண்டு எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

எங்கள் பிள்ளைகளுக்கு ஹென்றி கோலைவிட ஜிட்கா சம்கோவாவைத்தான் பிடிக்கும். செக்கோஸ்லோவாக்கியா நாட்டுச் சிறுமி, வயது 7. யுத்தத்துக்குப் பின் அவளுடைய கிராமத்துக்கு யுனிசெஃப் உதவி வந்தது. நன்றி சொல்ல ஒரு படம் வரைந்தாள். தாள் கிடைக்காததால் கண்ணாடித் துண்டில் வரைந்தாள். சிறுமிகள் கம்பத்தைச் சுற்றி ஆடுகிற அந்தப் படம்தான் 1949-ல் யுனிசெஃப் வெளியிட்ட முதல் வாழ்த்து அட்டை. "தாள் இல்லை, பசை இல்லை" என்று சாக்குச் சொல்லும் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லுவோம். வேலை ஓடும்.

நம் பங்கில் இந்தக் கைவேலை தொடங்கியது ஞானப் பூச்செண்டில்தான். பங்குச் சுவாமியின் நாமவிழா வரும்போது பிள்ளைகள் ஓர் அட்டையில் பூ வரைந்து, பூசை இத்தனை, நன்மை இத்தனை, செபமாலை இத்தனை, ஒறுத்தல் இத்தனை என்று எழுதிக் கொடுப்பார்களே, அதுதான். ஒருமுறை ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் "செபமாலை 500" என்று எழுதிவிட்டான். அப்போதைய சுவாமி அவனைக் கூப்பிட்டு, "தம்பி, 500-ம் சொல்லிவிட்டாயா?" என்று கேட்டார். அவன் அசரவில்லை. "இனிமேல் சொல்லப்போகிறதும் சேர்த்துதான், சுவாமி" என்றான். கூட்டம் முழுவதும் சிரித்தது. சுவாமியும் சிரித்தார். ஆனால் பிறகு எங்களை அழைத்து, "பிள்ளை பொய் சொல்லவில்லை. அட்டைதான் அவனைப் பெரிய எண் எழுதச் சொல்லுகிறது. அதை மாற்றுங்கள்" என்றார். அன்று முதல் எண் எழுதும் வழக்கத்தை விட்டோம். செண்டில் வெறும் மொட்டுகளாக வரைந்து கொடுக்கிறோம். ஒரு செபமாலை சொல்லி முடித்த பிறகு ஒரு மொட்டுக்கு வண்ணம் தீட்ட வேண்டும். பாதிச் செண்டு வெள்ளையாகவே வந்து சேருவதும் உண்டு. அதையும் அப்படியே கொடுத்துவிடுவோம். குடிலில், ஒவ்வோர் ஒறுத்தலுக்கும் ஒரு வைக்கோல் என்று பாலனுக்குப் படுக்கை சேர்க்கிறோமே, அதே கணக்கு.

வைக்கோல் என்றதும் அட்டை செய்யும் முறையைப் பற்றி இரண்டொரு வார்த்தை. கடையில் வாங்கிய ஜிகினாத் தூளை அப்பிவிட்டால் அது கைவேலையாகிவிடாது என்பது எங்கள் கட்சி. வீட்டுக்கு நாலு பக்கமும் கிடைக்கிற பொருள் போதும். நல்ல நீளமான வைக்கோலாகப் பொறுக்கி, கணுவை நீக்கி, தண்ணீரில் ஊறவைத்து, பிளேடால் நீளவாக்கில் கீறி விரித்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் பட்டு நாடாவைப்போல் தட்டையாகும். பெட்டியின் சூடு கூடக்கூட மஞ்சள் நிறம் பழுப்பாகும், பழுப்பு கருஞ்சிவப்பாகும். ஒரு சொட்டுச் சாயம் இல்லாமல் சூசையப்பரின் அங்கியையும் கழுதையின் முதுகையும் தனித்தனி நிறத்தில் காட்டலாம். கறுப்புத் தாளில் ஒட்டினால் எடுப்பாக இருக்கும்.

அரச இலை வேலைக்குப் பொறுமை வேண்டும், மூக்கையும் பொத்திக்கொள்ள வேண்டும். முற்றிய இலைகளை மண்பானைத் தண்ணீரில் மூன்று நான்கு வாரம் ஊறப்போட வேண்டும். பானையைக் கொல்லைப்புறத்தில் வையுங்கள். நாங்கள் முதல் வருடம் வகுப்பு அறையில் வைத்து, ஞானோபதேச ஆசிரியையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். சதை அழுகியபின் பழைய பல் துலக்கும் பிரஷால் மெல்லத் தட்டி அலசினால் நரம்பு மட்டும் வலைபோல் நிற்கும். புத்தகத்துக்குள் வைத்துக் காயவிட்டு, அதன்மேல் தேவதாயின் உருவத்தைத் தீட்டலாம். பசைக்கு மைதாவைக் காய்ச்சிக்கொள்ளலாம். பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் போடுவது முன்பு வழக்கம். அது விஷம், பிள்ளைகள் விரலை நக்குகிறவர்கள், ஆகவே நாங்கள் போடுவதில்லை. அன்றன்று காய்ச்சி அன்றன்று தீர்த்துவிடுகிறோம்.

நூல் கோத்துச் செய்யும் அட்டைக்கு, மடித்த துவாலையின்மேல் அட்டையை வைத்துக் குண்டூசியால் முதலில் துளையிட்டுக்கொள்ள வேண்டும். நூலை இறுக்கி இழுத்தால் துளைக்குத் துளை கிழிந்து, முழு அட்டையும் தபால் தலைத் தாளாகிவிடும். முடிச்சு தெரியாமல் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டிவிட வேண்டும். சோழி, மணி, கிளிஞ்சல் ஒட்டிய அட்டைகளைத் தபாலில் அனுப்பாதீர்கள். உறையின் வாயை ஒட்டாமல் மடித்து, புக்போஸ்டில் குறைந்த செலவில் அனுப்பிய காலத்தில் ஒரு வருடம் 40 அட்டை அப்படி அனுப்பினோம். தபால் முத்திரையின் ஓர் அடியில் கிளிஞ்சல் எல்லாம் பொடிப்பொடியாகி, "சங்கத்தார் எங்களுக்குச் சுண்ணாம்பு அனுப்பியிருக்கிறார்கள்" என்று ஒருவர் பதில் எழுதினார்.

துணி வேலைக்கு வருவோம். நம் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவப் பெண்களுக்கு ஊசி புதிதல்ல. லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் அம்மையார் 1820-களில் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். நம் திருச்சபையில், பெல்ஜியத்திலிருந்து 1897-ல் முளகுமூட்டுக்கு வந்த மரி லூயிஸ் தெ மீஸ்டர் தாயாரும் அவருக்குப் பின் வந்த கன்னியரும் அநாதைப் பெண்களுக்கும் ஏழைப் பெண்களுக்கும் அந்தக் கைத்தொழிலைப் பழக்கினார்கள். தலையணைமேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற அந்த வேலையை ஒருமுறை பார்த்தால் கண் இமைக்க மறக்கும். எங்கள் வேலை அந்த உயரத்துக்கு வராது. காம்புத் தையல், சங்கிலித் தையல், காஜா, ஒரு பழைய மிதி மெஷின், இவ்வளவுதான்.

இனி நாங்கள் சொல்ல வந்த முக்கிய விஷயம். பொன்விழா மலரில் சாதனைகளைத்தான் எழுதுவார்கள். நாங்கள் ஒரு தவறைச் சொல்ல அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்துமஸுக்கு, பக்கத்தில் உள்ள ஒரு பிள்ளைகள் இல்லத்துக்கு உடுப்பு தைத்துக் கொடுக்கத் தீர்மானித்தோம். 34 பிள்ளைகள். மலிவாகக் கிடைத்ததென்று ஒரே கட்டம் போட்ட துணியை மொத்தமாக வாங்கினோம். பெரிய அளவு ஒன்று, சிறிய அளவு ஒன்று என்று இரண்டே அளவு வைத்து, பையன்களுக்குச் சட்டையும் பெண்பிள்ளைகளுக்குக் கவுனும் இரவு பகலாகத் தைத்தோம். துணியை முன்கூட்டி நனைத்து உலர்த்தவும் நேரமில்லை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கொடுத்தோம், புகைப்படம் எடுத்தோம், அந்தப் படம் நம் அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் இருந்தது, பலர் பார்த்திருப்பீர்கள்.

ஜனவரியில் நம் திருவிழாவுக்கு அந்தப் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். ஒரு பிள்ளையாவது எங்கள் துணியை உடுத்தியிருக்கவில்லை. துவைத்ததும் சுருங்கியிருக்கும் என்று நினைத்து, ஒரு பெண்பிள்ளையிடம் கேட்டோம். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சுருங்கிச்சு அத்தை. ஆனா அதுக்காக இல்ல. அதைப் போட்டுக்கிட்டு வெளியே போனா, ஹோம் பிள்ளைங்கன்னு ரோட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்றாள்.

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. பரிசு என்று நாங்கள் கொடுத்தது பிள்ளைகளின் முதுகில் எழுதி ஒட்டிய சீட்டாகிவிட்டது. அன்று மாலை அறையில் சண்டைபோல் ஆகிவிட்டது. "சும்மா கொடுக்கிறதிலே நிறம் வேறு கேட்பார்களா?" என்று எங்களுள் சிலர் கேட்டார்கள். அதைச் சொன்னவர்களும் நல்ல மனசுக்காரர்கள்தான். கண்பார்வை குறைந்த வயதில் காஜா போட்டவர்கள். அவர்களுக்கு வலித்தது. இரண்டு பேர் ஒரு மாதம் வரவில்லை. பிறகு ஒரு சகோதரி மெதுவாகக் கேட்டார்: "நம்ம பிள்ளைகளுக்கு 34 பேருக்கு ஒரே துணி எடுப்போமா?" அதற்குப் பதில் இல்லை.

அடுத்த ஆண்டு அக்டோபரிலேயே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனோம். பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று நோட்டுப் போட்டு, பெயர், அளவு, விரும்பும் நிறம் எழுதினோம். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. "எதுன்னாலும் சரி" என்றார்கள். கேட்டுப் பழக்கமில்லை. கடைசியில் ஒரு பையன், "பையில பட்டன் வேணும், காசு விழாம" என்றான். அதன்பிறகு அணை உடைந்தது. ஒருத்திக்கு லேஸ் வேண்டாம், குத்துகிறது. ஒருத்திக்குத் தாவணி வயது, கவுன் வேண்டாம். ஒருவனுக்கு முழுக்கைச் சட்டை. கையில் ஒரு தீக்காயத் தழும்பு இருந்தது.

இப்படித் தைத்தால் நேரம் ஆகும் அல்லவா? கிறிஸ்துமஸ் வரை 19 மட்டுமே முடிந்தது. 15 பிள்ளைகளுக்கு இல்லை. இல்லத்துத் தாயார் கவலைப்பட்டார்கள். நாங்கள் யோசித்து, 34 பேருக்கும் ஓர் அட்டை செய்தோம். மீதி 15 பேரின் அட்டையில், "உன் உடுப்பு உன் பிறந்தநாளன்று வரும்" என்று தேதியையும் எழுதினோம். அப்போதுதான் சில பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் தெரியாதென்று தெரிந்தது. உனக்கு எந்த நாள் வேண்டுமோ அதைச் சொல் என்றோம். ஒருத்தி பள்ளி திறக்கிற நாளைக் கேட்டாள். ஒருவன் வேளாங்கண்ணி மாதா திருநாளான செப்டம்பர் 8-ஐக் கேட்டான். அது மாதாவின் பிறந்தநாள் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பதினான்கு தேதிகளைக் காப்பாற்றினோம். ஒன்றைத் தவறவிட்டோம். மெஷின் வார் அறுந்தது, அந்த வாரம் ஒரு கல்யாணம், ஒருவர் செய்வார் என்று இன்னொருவர் நினைத்தோம். மூன்று நாள் கழித்துக் கொண்டுபோனபோது, அந்தப் பிள்ளை அன்று பள்ளி விட்டு வந்ததும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கு வைக்கும் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தது என்று சொன்னார்கள். உடுப்பை வாங்கிக்கொண்டு எங்களுக்கு நன்றி சொன்னது. கோபப்படவேயில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

எங்கள் அறையில் பெரிய தினக்காட்டி ஒன்று தொங்குவது அதனால்தான். தேதிக்குப் பத்து நாள் முன்பே சிவப்பு மையில் வட்டமும், பொறுப்பானவரின் பெயரும் இருக்கும். இல்லத்துப் பிள்ளைகளோடு, பூசைக்கு வர முடியாமல் படுத்த படுக்கையாக இருக்கும் நம் பங்குப் பெரியவர்களின் நாமவிழாக்களையும் அதில் சேர்த்திருக்கிறோம். அவர்களுக்கு அட்டையும், கஞ்சி சிந்தாமல் கழுத்தில் கட்டிக்கொள்ள ஒரு துணியும். கைப்பேசியில் ஒரு தட்டில் நூறு பேருக்கு வாழ்த்து அனுப்புவதை நாங்களும் செய்கிறோம்; அதைக் குறை சொல்ல வரவில்லை. வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைக்கு வேறு வழி இல்லை. ஆனால் நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கட்டிலருகே சுவரில் ஒட்டியிருப்பது எது என்று சொல்வார்கள். ஒரு பாட்டியின் சுவரில் ஐந்து வருட அட்டைகள் வரிசையாக இருக்கின்றன. அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வைக்கோலைத் தடவிப் பார்த்து, "இது போன வருஷத்துக் கழுதை" என்று சரியாகச் சொல்கிறார்.

புதிதாய்ப் பிறந்த குழந்தைக்குத் தைக்கிறவர்களுக்கு ஒரு சொல். புதுத்துணி வேண்டாம். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன வேட்டித் துணிக்கு ஈடு எதுவும் இல்லை. பட்டன், கொக்கி வைக்காமல் பக்கவாட்டில் சிறு நாடா கட்டுங்கள். தையல் வெளிப்புறம் இருக்கட்டும். பார்க்க அழகில்லாவிட்டாலும் குழந்தையின் உடம்பை உறுத்தாது. ஞானஸ்நானத்துக்கு மட்டும் வெள்ளைப் பாப்ளின் வாங்கலாம், தைக்குமுன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். நாங்கள் பட்டது போதும்.

நேரமாகிவிட்டது, உபதேசியார் கடிகாரத்தைப் பார்க்கிறார். தினக்காட்டியில் அடுத்த மாதத்துக்கு மூன்று சிவப்பு வட்டங்கள் இருக்கின்றன. ஒன்றில் இன்னும் பெயர் எழுதவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன், நீலச் சட்டை, இரண்டு பை. காஜா போடத் தெரிந்தவர்கள் இருந்தால் கூட்டம் முடிந்ததும் எங்களை வந்து பாருங்கள். பழைய வேட்டி இருக்கிறவர்கள் துவைத்துச் சனிக்கிழமை கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வோம்.